பாதி அறுத்த தகடு

வெல்டிங்காரர் ஜஸ்டின் கட்டிங் மிஷினை வண்டிக் கூண்டின் பக்கத் தகட்டில் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார். தகடு அதிராமல் இருக்க, செவந்தி கையில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு கூண்டுக்குள் நின்று அதை அழுத்திப் பிடித்திருந்தாள். பொறி பறந்தது. சத்தம் தெருவையே தூக்கியது. ஒரு ஓரத்தை மேலிருந்து கீழே அறுத்து முடித்து, அடிப்பக்கமாகத் திரும்பிப் பாதி தூரம் வந்திருப்பார். அறுபட்ட மூலை வெளியே பிதுங்கி நின்றது.

கூண்டின் பின்கதவு திறந்திருந்ததால் வீட்டு வாசல் தெரிந்தது. மூக்காயி வாசலில் வந்து நின்று கையை ஆட்டினாள். வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. மூக்காயி செவந்தியின் புருஷனுக்கு அக்காள். எந்தச் சத்தமும் ஆகாது அவளுக்கு, மிக்ஸி போட்டாலே முகத்தைச் சுளிப்பாள். அதுதான் என்று நினைத்துச் செவந்தி, 'இந்தா முடிஞ்சுரும்' என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுத் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்காயி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு படியில் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் கை தளர்ந்தது.

ஜஸ்டின் மிஷினை நிறுத்தினார்.

"போயிட்டான்டி. என் தம்பி போயிட்டான்" என்றாள் மூக்காயி. சத்தம் நின்றபிறகு அது தெருமுனை வரைக்கும் கேட்டது.

செவந்தி கையில் சுற்றிய சாக்கோடு உள்ளே ஓடினாள். ஆத்மநாதன் இரும்புக் கட்டிலில் கிடந்த வாக்கிலேயே கிடந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. இடது கை கட்டில் சட்டத்தின்மேல் இருந்தது. அந்தக் கையில் சின்ன ஸ்பானர் இருந்தது.

அந்த ஸ்பானரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆத்மநாதன் காலமெல்லாம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். வடகாட்டுப் பலாவும் ஆலங்குடித் தேங்காயும் அவர் கையால்தான் புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் போய் இறங்கின. சொந்த வண்டி என்று ஒன்று வந்தது கஜா புயலுக்குப் பிறகு. தென்னை விழுந்து கூரை நசுங்கிய பழைய பிக்கப் ஒன்று ஒரு தோப்பில் கேட்பாரற்றுக் கிடந்தது. பழைய இரும்புக்குப் போக இருந்ததை மறித்து, டிராக்டரில் கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தார். "இத எழுப்பி ஓட்டிக் காட்டுறேன் பாரு" என்றார். செவந்தி பார்த்தாள். வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மனுஷன் சோம்பேறி இல்லை. நசுங்கிய கூரையை உள்ளே உட்கார்ந்துகொண்டு மரச் சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். இன்ஜினைக் கழற்றிப் பாயில் பரப்பி, துடைத்து, மறுபடியும் பூட்டினார். அந்த வருஷத்து வண்டிக்கு அந்த வருஷத்துக் கைப்பிடிதான் வேண்டும் என்று காரைக்குடிப் பழைய சாமான் கடைகளில் போய் உட்கார்ந்துகொண்டார். குறை ஒன்றே ஒன்றுதான். இந்த வண்டி எதற்கு என்ற யோசனை மட்டும் அவரிடத்தில் ஒரு மாதம் தங்காது.

முதலில் அது லோடு வண்டி, இருந்தது இருந்தபடியே. புயலில் தென்னை பூராவும் சாய்ந்துபோன ஊரில் லோடுக்கு எங்கே போவது என்று டீக்கடையில் யாரோ கேட்டார்கள். கறம்பக்குடியில் வைக்கோல் ஏற்றும் வண்டி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, பக்கங்களில் இரும்புச் சட்டம் வைத்து உயர்த்தினார். அந்த வருஷம் மழை ஏமாற்றியது. வைக்கோலைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. சட்டத்தை அறுத்தார். ரொட்டி ஏற்ற மூடிய வண்டி வேண்டுமென்று பேக்கரிக்காரர் ஒருவர் கேட்டார் என்று, நாலு பக்கமும் தகடு அடித்து ஆள் நிற்கிற உயரத்துக்குக் கூண்டு கட்டினார். கூண்டு முடிவதற்குள் பேக்கரிக்காரர் வேறு வண்டி பிடித்துவிட்டார். முன்பக்கம் வெள்ளை, கூண்டு சாம்பல், ஒரு கதவு மட்டும் நீலம் என்று வண்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

அந்தக் கூண்டைப் பார்த்துத்தான் செவந்திக்குத் தன் யோசனை வந்தது. பஸ் நிற்கிற இடத்தில் தள்ளுவண்டி போட்டு இட்லி விற்பவள் அவள். மழை வந்தால் அடுப்பு அணையும், வெயில் வந்தால் தலை சுற்றும். "இந்தப் பக்கத் தகட்ட மூணு ஓரமும் அறுத்து மேல தூக்கிவிட்டா, அதுவே நெழலுங்க. உள்ள நின்னுக்கிட்டே வேவாரம் பாக்கலாம்" என்றாள். அவருக்கும் பிடித்துப்போயிற்று. சாக்பீஸால் தானே கோடு போட்டார். மறுவாரம் பார்த்தால் கோடு இல்லை. "கூண்டு நல்லா அமைஞ்சிருக்குடி. அறுக்கணுமான்னு பாக்குறேன்" என்றார். பிறகு மறுபடியும் கோடு வந்தது. மறுபடியும் போனது. கடைசியில் ஒரு காலை, வண்டிப் பக்கத்திலேயே சாய்ந்து விழுந்தார். கோடு பாதிதான் இருந்தது. கையில் சாக்பீஸ், தோளில் ஈரத்துண்டு. போட்டுக்கொண்டிருந்தாரா, அழித்துக்கொண்டிருந்தாரா என்று கேட்க வழியில்லை. வாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கட்டிலில் போட்ட பிறகு, செவந்திதான் அந்த ஸ்பானரை அவர் இடது கையில் கொடுத்தாள். வண்டிக்காரர்களுக்கு அது தெரிந்த பாஷை. பின்னால் நிற்கிற ஆள் தகட்டில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும், இரண்டு தட்டினால் போகலாம். கல்யாணமான புதிதில், கிளீனர் வராத நாட்களில் செவந்தியே லோடுமேல் உட்கார்ந்து தட்டியிருக்கிறாள். இப்போது கட்டில் சட்டம்தான் வண்டி. காபி குடிக்கிறீங்களா என்றால் இரண்டு தட்டு. மூக்காயி வைத்த கஞ்சி என்றால் ஒரு தட்டு. ஜஸ்டின்கூட ஜன்னலுக்கு வெளியே நின்று "அண்ணே, பின்கதவுக்குக் கொக்கி உள்பக்கம் வச்சுரவா?" என்று கேட்டு, தட்டைக் கேட்டுக்கொண்டு போவார். ஆனால் கேட்கிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். ஒருமுறை தட்டிய கை திரும்ப எழும்ப நேரமாகும். அதற்குள் ஒரு சேலையை மடித்து வைத்துவிடலாம்.

அன்று காலை ஜஸ்டின் வந்து வயரை இழுத்து மாட்டிவிட்டு நின்றார். செவந்தி உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் குனிந்து கேட்டாள். "டிபன் வண்டியாவே வச்சுக்கிருவோங்க. தகட்ட அறுக்கச் சொல்லட்டா?"

அவர் கண் அவளையே பார்த்தது. பிறகு ஸ்பானர் எழும்பி விழுந்தது. டங்.

செவந்தி உடனே நிமிர்ந்து வெளியே வந்துவிட்டாள். பாதி அழிந்திருந்த கோட்டின்மேல் புதுக்கோடு போட்டாள். "அறுங்க தம்பி" என்றாள். மிஷின் கத்த ஆரம்பித்தது.

அவசரத்தில் வந்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய். அந்தக் கை எழும்ப எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியாதா? நின்றால் இரண்டாவது வராமலே போய்விடுமோ என்று பயந்துதான் வந்தாள். இத்தனை வருஷமாக ஒவ்வொரு யோசனையும் அந்த இடத்தில்தான் மாறியது. இந்த ஒருமுறை மாறுவதற்கு முன்னால் வெளியே வந்துவிட வேண்டும் என்று நினைத்தாள், வந்துவிட்டாள்.

இப்போது அந்தக் கையிலிருந்து ஸ்பானரை மூக்காயிதான் எடுத்தாள். எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் கட்டையில் வைத்தாள். தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டினார்கள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். யாரோ நெற்றியில் காசை வைத்தார்கள்.

ஜஸ்டின் வேலைக்கு வந்தவர். கேதத்துக்கு வந்தவராக மாறி, கால்சட்டையில் இரும்புத் தூளோடு நாற்காலி இறக்கினார், பந்தலுக்குக் கயிறு கட்டினார். பந்தல் போட வாசலில் பாதிதான் இடம் இருந்தது. மீதியில் வண்டி நின்றது. வந்தவர்கள் முதலில் வண்டியைப் பார்த்தார்கள், பிறகுதான் உள்ளே போனார்கள். திரும்பி வரும்போது மறுபடியும் வண்டியைப் பார்த்தார்கள்.

செவந்தியின் தம்பி பழனிச்சாமி பொன்னமராவதியிலிருந்து பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்து இறங்கினான். அக்காளைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனவன், திரும்பி வந்தான்.

"என்னக்கா இது? மச்சான் உசுரு போற நேரத்துலயா வண்டிய அறுத்துக்கிட்டு இருந்தீங்க?"

செவந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"கூண்டத் தொடப்போறதில்லைன்னு என்கிட்ட சொன்னாருக்கா. இந்த வாயால சொன்னாரு."

"எப்பச் சொன்னாக?"

"பொங்கலுக்கு வந்தப்ப."

"பொங்கலுக்குப் பெறகு ஒன் மச்சான் எத்தன தடவ மாத்துனாகன்னு ஒனக்குத் தெரியுமா?"

பழனிச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. அவனுக்கும் அந்த மனுஷனைத் தெரியும். சிரிக்கக் கூடாத இடம் என்பதால் மறுபடியும் அழுதான்.

ஒப்பாரிக்காரப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். செவந்தியும் அவர்களோடு உட்கார்ந்து தோளைக் கட்டி அழுதாள். அழுகை வரவில்லை என்று ஊர் பேசும்படி ஆகவில்லை. தொண்டை கட்டிப்போகிற அளவுக்கு வந்தது. ஆனால் நடுநடுவே கண் மட்டும் மூக்காயியைத் தேடியது. காலையில் அவள் வெளியே வந்த பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவள் மூக்காயிதான். கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் போனபோது, குழாயடியில் செவந்தி அவளைத் தனியாகப் பிடித்தாள்.

"மதினி, நான் வெளிய வந்ததுக்கப்பறம் அவுக தட்டுனாகளா?"

"தட்டுனான்."

செவந்தியின் குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"எத்தன?"

"எண்ணுனனா நானு? அந்த மிஷினு போட்ட கூப்பாட்டுல எனக்குக் காதே அடச்சுப்போச்சு. கை ஆடுறதப் பாத்தேன். சரி, எதையோ கேக்குறான், நீ வருவேன்னு கடலைய உரிச்சுக்கிட்டு இருந்தேன். பெறகு பாத்தா கை அப்படியே இருக்கு." மூக்காயி குழாயைத் திருகி மூடினாள். "ஏன், எதும் சொல்லிட்டுப் போனியா அவன்கிட்ட?"

"ஒன்னுமில்ல மதினி" என்று செவந்தி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். ஒரு தட்டு தட்டி, அவள் போய்விட்டதைப் பார்த்து, நிறுத்து நிறுத்து என்று தட்டிக்கொண்டே இருந்திருக்கலாம். அல்லது மெதுவாக இரண்டாவதைத் தட்டி, அவள் கேட்டாளா என்று தெரியாமல் திரும்பத் தட்டியிருக்கலாம். தண்ணீர் தளும்பிச் சேலை நனைந்தது. வீடு வந்து சேரும் வரை அவள் இதைத்தான் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு வந்தாள்.

மகள் காவ்யா திருச்சியிலிருந்து வந்து சேர மதியமாகிவிட்டது. அப்பாவின்மேல் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்து, அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு வாசலைப் பார்த்தாள். வெயிலில் அந்தத் தகட்டு மூலை பளபளத்தது.

"வேல ஆரம்பிச்சிட்டீங்களாம்மா?"

"ம்."

"அப்பா சரின்னாரா?"

செவந்தி மகளின் தலைமுடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் சொருகினாள். பிறகு மறுபக்கத்து முடியையும் ஒதுக்கினாள்.

"சரின்னாக" என்றாள்.

"நல்லவேள. ஒரு தடவையாச்சும் மாத்தாம இருந்தாரே" என்று சொல்லிக் காவ்யா மறுபடியும் அழுதாள்.

சாயங்காலம் ஆலங்குடியிலிருந்து சொர்க்க ரதம் வந்தது. நாலு பக்கமும் கண்ணாடி, மேலே பிளாஸ்டிக் மாலை. தெரு குறுகல். ரதம் பின்னாலேயே வந்து வாசலை அணைய வேண்டும். பாதி வந்து நின்றுவிட்டது. தகட்டு மூலை நீட்டிக்கொண்டு நின்ற உயரத்தில்தான் ரதத்தின் கண்ணாடி இருந்தது.

"இத எடுத்தாத்தாங்க வண்டி வரும்" என்றார் ரதத்தின் டிரைவர்.

எல்லோரும் கூடிவிட்டார்கள். பிக்கப்பைத் தள்ளி நிறுத்தவும் அந்தத் தெருவில் இடமில்லை. ஆளுக்கொரு யோசனை. பழனிச்சாமி மூலையைக் கையால் அழுத்திப் பார்த்தான். அது உள்ளே போய்விட்டு, விட்டதும் வெளியே வந்தது.

"இங்கிட்டு ரெண்டு எடத்துல வெல்டிங் வச்சு ஒட்டிருங்க. பழையபடி கூண்டாவே இருக்கட்டும். மச்சான் ஆசையும் அதான்" என்றான்.

ஜஸ்டின் அவனைப் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்ற செவந்தியைப் பார்த்தார். "அக்கா, ஒட்டவும் செய்யலாம், மிச்சத்த அறுத்து எடுத்துரவும் செய்யலாம். ரெண்டுக்கும் கொஞ்ச நேரந்தான் ஆகும். நீங்கதான் சொல்லணும்."

தெருவே அவள் வாயைப் பார்த்தது. உள்ளே ஆத்மநாதன் குளித்து, புது வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு வண்டிக்காகக் கிடந்தார். செவந்தி தகட்டைப் பார்த்தாள். இப்போது ஒட்டச் சொன்னால், காலையில் விழுந்தது ஒரு தட்டு என்று அவளே எல்லோர் முன்னாலும் சொன்னதாகிவிடும். அறுக்கச் சொல்லவும் நாக்கு எழவில்லை.

"கயித்தப் போட்டு இழுத்துக் கட்டுங்க" என்றாள். குரல் கரகரத்தது. "பெறகு பாப்போம்."

"அப்படியே மச்சான் மாதிரியே பேசுது" என்று பழனிச்சாமி முணுமுணுத்துக்கொண்டே கயிறு தேடப் போனான்.

தகட்டை இழுத்துக் கட்டினார்கள். ரதம் வாசலை அணைந்தது. ஆத்மநாதனைத் தூக்கி ஏற்றினார்கள். பங்காளி வீட்டு முத்துராஜ் கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தார். தாரை முழங்கியது. பெண்கள் முச்சந்தி வரைக்கும் பின்னால் போனார்கள். அங்கே ரதம் நின்றது. வழக்கப்படி சுற்றி வந்து, விழுந்து கும்பிட்டு, பெண்கள் ஒதுங்கினார்கள். செவந்தி ரதத்துக்குப் பின்னால் நின்றாள். கண்ணாடிக்குள் அவருடைய பாதங்கள் தெரிந்தன. இடது குதிகாலில் கிரீஸ் கறை போகாமல் இருந்தது. குளிப்பாட்டியவர்கள் சரியாகத் தேய்க்கவில்லை.

"ரைட், போலாம்!" என்று சொல்லிப் பழனிச்சாமி ரதத்தின் பக்கத்தில் தட்டினான். டப் டப். இரண்டு தட்டுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. ஆரோக்கியமான ஆள் தட்டினால் அப்படித்தான் இருக்கும். ரதம் நகர்ந்தது. செவந்தி காலையில் கட்டில் ஓரத்தில் கொஞ்சம் நின்றிருக்கலாம், அவ்வளவுதான். எந்தப் பதிலாக இருந்தாலும் கேட்டுவிட்டு வந்திருக்கலாம்.

வீட்டுக்குத் திரும்பிப் பெண்கள் வாசலைக் கழுவிவிட்டார்கள். தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். கட்டிலை மடக்கிச் சுவரில் சாத்தினார்கள். அது நின்ற இடம் அகலமாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்தன. மூக்காயி இலையை விரித்து எல்லோரையும் கூப்பிட்டாள். செவந்தி பிறகு சாப்பிடுவதாகக் கையைக் காட்டினாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் ஆண்கள் திரும்பினார்கள். ஜஸ்டினும் அவர்களோடு குளத்தில் முழுகிவிட்டு, ஈரத் தலையோடு வந்தார். வந்தவர் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலையிலிருந்து கிடந்த வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். கட்டிங் மிஷினைத் துணியில் சுற்றினார். ஜன்னலில் செவந்தி நிற்பதைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"போயிட்டு வாரேங்கா" என்று சொன்னார். கேதத்து வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்பது உடனே நினைவுக்கு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். போகவும் இல்லை. வண்டியைத் திரும்பிப் பார்த்தார். கயிற்றுக்கு அடங்காமல் தகட்டின் மூலை கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்தது.

"காரியமெல்லாம் முடியட்டும், அவசரமில்ல. இருந்தாலும் ஒன்னு கேட்டுக்கிறேன். மிச்சத்த அறுக்கட்டாக்கா?"

செவந்தி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. ஜன்னல் கட்டையில் காலையில் வைத்த இடத்திலேயே ஸ்பானர் இருந்தது. அதை எடுத்து ஜன்னல் கம்பியில் ஒருமுறை தட்டினாள். டங்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் பேச்சு நின்றது. மூக்காயி எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள். செவந்தியின் கை கம்பிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

இரண்டாவது தட்டு விழ நேரமாயிற்று. ஜஸ்டின் காத்திருந்தார்.